கிள்ளான் பிரதிக்கு நடந்த பரீட்சை

இது தொண்ணூறுகளின் முற்பகுதியில், ஒரு தைப்பூசத்தை ஒட்டி நடந்தது. ஆண்டும் தேதியும் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. அவற்றை எழுதினால் எந்த நிலையம், எந்த மனிதர் என்று தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் கிழமைகளை மட்டும் தருகிறேன். கிழமைகளில் பிழை இருக்காது.

கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், மசாலா அரைத்து விற்கும் கடை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. நான்கு பேர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சேமிப்பைப் போட்டு நிறுவனத்தை ஆரம்பித்த முதலாளி, யாழ்ப்பாணத்துக் குடும்பம். கணினி நிரல் எழுத நானும், சுங்கை பூலோவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் நண்பரும். நான்காவதாக, கிள்ளானிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன தோழி. முன்பு ஓர் அலுவலகத்தில் தகவல் பதிவு செய்யும் வேலை பார்த்தவர். என்னைவிட நான்கு வயது இளையவர், என்னை 'அண்ணே' என்பார். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவருக்கு நன்றி சொல்வதற்காக எழுதப்படுகிறது.

எங்களுக்குச் சோறு போட்ட நிரல் ஒன்று உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இரத்தத்தை இயந்திரத்தால் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் நிலையம் ஒன்றை ஓர் அறநிலையம் அதே நகரின் செந்தூலில் நடத்தியது. அங்கே வரும் ஒவ்வொருவருக்கும் மாதத்துக்கு ஒரு கார்டு அச்சிட்டுக் கொடுப்பதுதான் அந்த நிரலின் வேலை. ஒரு சாராருக்குத் திங்கள், புதன், வெள்ளி. மற்றவர்களுக்குச் செவ்வாய், வியாழன், சனி. காலைப் பிரிவு, பிற்பகல் பிரிவு என்று இரண்டு. நிலையம் மூடியிருக்கும் விடுமுறை நாள் வந்தால் அன்றைய ஆட்களை முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்த்த வேண்டும். கேட்க எளிது. எழுத எனக்கு ஐந்து மாதம் ஆனது.

அதே அறநிலையம் கிள்ளானில் இன்னொரு கிளை திறந்தபோது, அவர்களுக்கும் அதே நிரல் வேண்டும் என்றார்கள். சிக்கல் விடுமுறைகளில் இருந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம்தான், ஆனால் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம், கிள்ளான் சிலாங்கூர் மாநிலம். பிப்ரவரி முதல் நாள் இங்கே விடுமுறை, அங்கே இல்லை. சுல்தானின் பிறந்தநாள் அங்கே விடுமுறை, இங்கே இல்லை. தைப்பூசம் சிலாங்கூரில் அரசாங்க விடுமுறை. கோலாலம்பூரில் அந்தக் காலத்தில் இல்லை.

ஆகவே நான் மிக எளிய வழியை எடுத்தேன். செந்தூல் கோப்புகள் இருந்த டைரக்டரியை அப்படியே இன்னொரு பெயரில் நகலெடுத்தேன். 'செந்தூல் பிரதி', 'கிள்ளான் பிரதி' என்று சொல்லிக்கொண்டோம். ஒரே நிரலிலிருந்து இரண்டு கிளை பிரிப்பது, பிரித்ததை ஒரு நாள் சேர்ப்பது, இதற்கெல்லாம் முறைகளும் கருவிகளும் உண்டு என்று பின்னால் புத்தகங்களில் படித்தேன். அன்று எங்களிடம் இருந்த முறை ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். சர்வர் வைத்திருந்த மேசைக்காலில் சணல் கயிற்றால் அதைக் கட்டியிருந்தோம். ஒரு கோப்பைத் திருத்த எடுப்பவர் கோப்பின் பெயர், கிழமை, மணி, தன் முதலெழுத்து ஆகியவற்றை எழுதவேண்டும். வேலை முடிந்து திரும்ப வைத்ததும் கோடிட வேண்டும். கோடிடாத கோப்பை மற்றவர் தொடக்கூடாது. அந்த நோட்டை ஏற்பாடு செய்தவன் நான்தான், அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

கிள்ளான் நிலையத்தில் நிரலை நிறுவப் போன நாளில்தான் காப்பார்க்காரரைப் பார்த்தேன். கிள்ளானை அடுத்த காப்பார் என்ற ஊர்க்காரர், அறுபதை நெருங்கியவர், முன்பு லோரி ஓட்டியவர். நான்காம் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். நான் அச்சு இயந்திரத்துக்குத் தாள் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், முதல் கார்டு வெளியே வந்ததும் பேச்சுக் கொடுத்தார்.

"தம்பி, இனிமே இதுதான் எங்களுக்கு நாள் சொல்லுமா?"

"ஆமாங்க."

"நல்லா சொல்லச் சொல்லுங்க. ஒரு தடவை விட்டுப்போச்சுன்னா கால் இப்படி வீங்கும். ரெண்டாம் நாள் மூச்சு வாங்கும். அதுக்கு மேல உங்க மெஷினுக்கும் வேலை இல்லை, எனக்கும் வேலை இல்லை." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பக்கத்தில் நின்ற தலைமைத் தாதி, எல்லாரும் சிஸ்டர் என்று அழைப்பவர், "சும்மா இருங்க அங்கிள், பயமுறுத்தாதீங்க லா" என்றார். பிறகு என்னிடம் தணிந்த குரலில், "அவர் சொல்றது உண்மைதான். அவருக்கு மூணு நாள் இடைவெளியே ஜாஸ்தி" என்றார்.

நான் அதைக் குறிப்பேட்டில் எழுதினேன். எழுதியது நினைவில் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை போலிருக்கிறது.

*

இப்போது தோழியின் பன்னிரண்டு நோயாளிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நிரலில் ஒரு வரியை மாற்றினாலும் எல்லாவற்றையும் கையால் சோதித்துப் பார்ப்பது அவர் பொறுப்பு. நாங்கள் இருவர் மாற்றுவோம், அவர் ஒருவர் சோதிப்பார். ஓராண்டு பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு திங்கட்கிழமை ஒரு டிஸ்கெட்டோடு வந்து, இல்லாத பன்னிரண்டு நோயாளிகளை உருவாக்கிவிட்டதாகச் சொன்னார். ஒருவர் காலைப் பிரிவு, ஒருவர் பிற்பகல், ஒருவர் மாத நடுவில் சேர்ந்தவர், ஒருவருக்குப் பெருநாள் வாரத்தில் இரண்டு விடுமுறை என்று எந்தெந்த இடத்தில் நிரல் இடறுமோ அந்தந்த இடத்தில் ஒருவர். அவர்களுடைய கார்டுகள் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் காலண்டரை வைத்துக் கையால் கணக்கிட்டு, ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்தார். ஒரே கட்டளை கொடுத்தால் போதும். நிரல் பன்னிரண்டு கார்டுகளையும் தயாரிக்கும். கணினியே அவற்றைச் சரியான கார்டுகளோடு வரிக்கு வரி ஒப்பிடும். ஓர் எழுத்து மாறினாலும் 'பீப்' என்று கத்தி எந்த வரி என்று காட்டும். பத்து நிமிட வேலை. அவர் அதைப் 'பரீட்சை' என்றே சொன்னார்.

நோயாளிகளுக்கு மனிதர் பெயர் வைத்தால் உண்மையான கார்டோடு குழம்பிவிடும் என்று சாப்பாட்டுப் பெயர்களாக வைத்திருந்தார். தோசை, இட்லி, வடை, ரொட்டி சானாய், மீ கோரேங். சுங்கை பூலோ நண்பர் விடுவாரா?

"என்னம்மா, மீ கோரேங் இன்னிக்கு எப்படி இருக்கு? மூச்சு விடுதா?"

"மீ கோரேங் நல்லாத்தான் இருக்கு. நீங்க தொட்டதுக்கப்புறம் வடைக்குத்தான் ரெண்டு வியாழக்கிழமை வருது. வாங்க, வந்து பாருங்க."

அவர் போய்ப் பார்த்தார். இரண்டு வியாழக்கிழமை இருந்தது. அதன் பிறகு கிண்டல் கொஞ்சம் குறைந்தது. முதலாளிக்கு மட்டும் அது பிடிபடவில்லை. "இல்லாத ஆக்களுக்குக் கார்ட் அடிக்கிறதுக்கோ பிள்ளை நான் சம்பளம் குடுக்கிறன்?" என்று கேட்பார். ஆனால் தடுக்கவில்லை.

பரீட்சை செந்தூல் பிரதிக்கு மட்டும் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் தோழி என்னிடம் வந்து, "அண்ணே, கிள்ளானுக்கும் ஒரு செட் எழுதணும். ஒரு வாரம் வேணும்" என்றார்.

"எதுக்கும்மா? ரெண்டும் ஒரே நிரல்தானே. விடுமுறைப் பட்டியல் மட்டும்தான் வேற. அதை நான் கண்ணால பாத்துக்கறேன்."

"கண்ணால பாக்கறது வேற அண்ணே."

"ஒரு பக்கம்கூட வராத பட்டியல். நான் பாத்துக்கறேன்னு சொல்றேன் இல்ல?"

அவர் மேலே பேசவில்லை. அவர் பேசாமல் போனால் ஒப்புக்கொண்டார் என்று நான் எடுத்துக்கொள்வது வழக்கம். அது தவறு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

*

ஜனவரியில் இரண்டு நிலையங்களுக்கும் தலா இரண்டு புதிய இயந்திரங்கள் வந்தன. நிரலில் அந்த எண்ணிக்கையை மாற்ற வேண்டும். செந்தூல் பிரதியில் மாற்றினேன். பன்னிரண்டு பேரும் தேறினார்கள். அதே மாற்றத்தைக் கிள்ளான் பிரதிக்குக் கொண்டுபோக வேண்டும். மாறிய கோப்புகள் மூன்று. மூன்றையும் தனித்தனியே நகலெடுக்காமல், சோம்பலால், டைரக்டரியில் இருந்த அத்தனையையும் ஒரே கட்டளையில் கிள்ளான் பிரதியின் மேல் நகலெடுத்துவிட்டேன். விடுமுறைப் பட்டியலும் அதோடு போய்விட்டது. கிள்ளானின் பட்டியல் அழிந்து, அந்த இடத்தில் செந்தூலின் பட்டியல் உட்கார்ந்துகொண்டது.

பட்டியலைக் கண்ணால் பார்ப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா? பார்த்தேன். கிள்ளான் என்றால் முதலில் தைப்பூசம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது என் வழக்கம். தைப்பூசம் என்ற வரி இருந்தது. திருப்தியோடு நோட்டில் சரி என்று குறித்தேன்.

கோலாலம்பூரில் விடுமுறையே இல்லாத தைப்பூசம் செந்தூல் பட்டியலில் எப்படி வந்தது? அரசாங்கம் விடுமுறை கொடுக்காவிட்டால் என்ன, செந்தூல் நிலையத்தின் தாதியரில் முக்கால்வாசிப் பேர் தமிழர்கள். அத்தனை பேரும் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போக லீவு எடுப்பார்கள். பிரிக்பீல்ட்ஸிலும் அன்று பாதிக் கடை திறக்காது. ஆகவே அன்று காலைப் பிரிவை மட்டும் மலாய், சீனத் தாதியரை வைத்து நடத்தி, பிற்பகல் பிரிவை ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்த்துவார்கள். அதற்காகப் பட்டியலில் தைப்பூசத்துக்கு நேராக '1' என்று போட்டிருந்தோம். அரைநாள் என்று பொருள். முழுநாள் மூடினால் '2'. கிள்ளானில் அது '2' ஆக இருந்தது. நான் சொல்லைப் பார்த்தேன், எண்ணைப் பார்க்கவில்லை. நாங்கள் எல்லாரும் தைப்பூசத்தன்று வேலைக்குப் போகாத ஆட்களாக இருந்ததால், அது எங்கே யாருக்கு அரை விடுமுறை, யாருக்கு முழு விடுமுறை என்ற கேள்வியே என் மனதில் எழவில்லை.

அந்த ஆண்டு தைப்பூசம் செவ்வாய்க்கிழமை வந்தது. கிள்ளான் கார்டுகள் அச்சாகி, விநியோகமாகிவிட்டன. செவ்வாய் பிற்பகல் பிரிவுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒழுங்காக நகர்த்தப்பட்டிருந்தார்கள். அதைப் பார்த்த சிஸ்டர், வழக்கம்போல் கணினி எல்லாரையும் மாற்றிவிட்டது என்று நம்பிவிட்டார். காலைப் பிரிவில் இருந்த எட்டு பேருடைய கார்டுகளில் மட்டும் 'செவ்வாய், காலை 7 மணி' என்று இருந்தது. அன்று காலை கிள்ளான் நிலையத்தின் இரும்புக் கதவு பூட்டியிருக்கும்.

*

தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்பு, சனிக்கிழமை. அரைநாள் வேலை. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது தோழியின் கணினி 'பீப்' என்றது. திரும்பவும் கத்தியது. நான்கு முறை.

"செந்தூல்ல யாராச்சும் கை வச்சாங்களா?" என்று கேட்டேன்.

"இது செந்தூல் இல்லண்ணே."

நான் திரும்பி நின்றேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கிள்ளானுக்கு எழுதிட்டேன். வீட்டுக்குப் போற வழியில சாயங்காலம் சிஸ்டர்கிட்ட உக்காந்து, கார்டு எப்படி இருக்கணும்னு ஒவ்வொண்ணா கேட்டு எழுதுனேன். ஆறு வாரம் ஆச்சு. இன்னிக்குத்தான் முதல் தடவை ஓட்டிப் பாக்கறேன். நீங்க வேணாம்னு சொன்னீங்க, தெரியும்."

கோபப்பட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. திரையில் இட்லிக்குச் செவ்வாய்க்கிழமை காலை வர வேண்டும் என்று இருந்தது. சிஸ்டரிடம் கேட்டு எழுதிய கார்டில் அந்த இடம் காலி. நான் விடுமுறைப் பட்டியலைத் திறந்து, தைப்பூசத்துக்கு நேரே '1' என்று இருப்பதைப் பார்த்தேன்.

"சிஸ்டர் இப்ப இருப்பாங்களா?"

"ரெண்டு மணி வரைக்கும் இருப்பாங்க. நீங்க பேசறீங்களா, நான் பேசட்டுமா?"

"நான் பண்ணது. நானே பேசறேன்."

சிஸ்டர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். எட்டுப் பெயர்களையும் எடுத்து, ஏழு பேருக்கு வீட்டில் தொலைபேசி இருக்கிறது, தானே கூப்பிட்டு நாளைக்கு வரச் சொல்வதாகச் சொன்னார். "காப்பார் அங்கிளுக்குத்தான் போன் இல்லை. காலையிலதான் இங்க முடிச்சுட்டுப் போனாரு. இன்னொண்ணு, அவர் நாளைக்கு வந்தாலும் எனக்குச் சந்தோஷம் இல்லை. சனி முடிஞ்சு ஞாயிறு செஞ்சா, அப்புறம் வியாழன் வரைக்கும் நாலு நாள். போன வருஷமே அப்படித்தான் மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனாரு. நான் வேற வழி யோசிக்கறேன். நீங்க முதல்ல அவரைப் பிடிங்க."

முதலாளியிடம் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கதை பிறகு. இப்ப போங்கோ. என்ர காரை எடுத்துக்கொண்டு போங்கோ, உங்கட கார் வழியில நிண்டாலும் நிக்கும்." அவர் சொன்னது சரிதான். என் காரின் ரேடியேட்டர் அந்த மாதம் இரண்டு முறை கொதித்திருந்தது.

தோழியும் நானும் காப்பாருக்குப் போய்ச் சேர மூன்றரை ஆனது. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வரிசை வீடுகளில் கடைசி வீடு. பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அவுங்களா? மத்தியானமே மகன் மோட்டார்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டான். பூசத்துக்கு மக வீட்டுல தங்கறாங்க. செந்தூல்ல."

"செந்தூல்ல எங்கே ஆன்டி?"

"பிளாட்டு. எந்த பிளாட்டுன்னு எனக்கென்ன தெரியும்? அந்தப் பொண்ணு காலையில நாசி லெமாக் விக்குது. ரயில் பட்டறை இருக்கற பக்கம்னு சொன்னாரு." பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "செவ்வாக்கிழமை விடியக்காலையில மகன் அங்கேருந்து நேரா கிள்ளானுக்குக் கொண்டாந்து விடுவானாம். கார்டுல அப்படித்தான் இருக்காம்" என்றார்.

பத்துமலைக்குப் போகும் சாலைகள் அன்று எப்படி இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அந்தக் கூட்டத்தில் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து கிள்ளானுக்கு வந்து, பூட்டிய கதவைப் பார்த்து, அதே கூட்டத்தில் திரும்பிப் போக வேண்டும். திரும்பிவரும் வழியில் காரில் தோழி ஒன்றே ஒன்று சொன்னார். "ஞாயித்துக்கிழமை நாசி லெமாக் நல்லா ஓடும். காலையிலேயே போயிடுவோம்."

*

ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் செந்தூலில் இருந்தேன். தோழி கிள்ளானிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தார். அடுக்குமாடிகளின் கீழே மேசை போட்டு அந்தத் தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலமாக விற்பவர்களை ஒவ்வொருவராகக் கேட்டோம். முதல் கடைக்காரர் தன்னிடம் வாங்கினால்தான் பதில் சொல்வேன் என்றார். வாங்கினோம், அவருக்குத் தெரியவில்லை. இரண்டாவது கடையிலும் வாங்க வேண்டியதாகிவிட்டது. நான்காவது மேசைக்குப் பின்னால், பிளாஸ்டிக் நாற்காலியில், காப்பார்க்காரர் உட்கார்ந்து வாழையிலைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அட, கம்ப்யூட்டர் தம்பி! சாப்பிட வந்தீங்களா?"

என் கையில் இருந்த இரண்டு பொட்டலங்களைப் பார்த்து அவர் மகள், "வேற கடையில வாங்கிட்டு இங்க வந்து நிக்கறீங்க" என்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். பட்டியலை நான் நகலெடுத்தது, எண்ணைப் பார்க்காதது, எதையும் விடாமல் சொன்னேன். மகள் கரண்டியைக் கீழே வைத்தார்.

"கார்டுல அச்சடிச்சுக் குடுத்தீங்க இல்ல? அதை நம்பித்தானே நாங்க வர்றோம் போறோம். எங்க அப்பா அன்னிக்கு அங்க போய் நின்னிருந்தா யாருங்க பதில் சொல்றது? கம்ப்யூட்டரா?"

"நான்தாங்க" என்றேன்.

"நாங்கதான் அக்கா" என்று தோழி திருத்தினார்.

காப்பார்க்காரர் துடைத்த இலைகளை அடுக்கிவிட்டு நிமிர்ந்தார். "சரி விடும்மா. வந்து சொல்றாங்க இல்ல. தம்பி, இப்ப நான் எங்க போகணும்? அதைச் சொல்லுங்க."

சிஸ்டர் முந்தின நாள் மாலையே செந்தூல் நிலையத்தோடு பேசி முடித்திருந்தார். அங்கே வந்த இரண்டு புதிய இயந்திரங்களுக்கு இன்னும் ஆள் நிரப்பவில்லை. தைப்பூசத்தன்று காலைப் பிரிவு நடக்கும். அவருடைய மருத்துவக் குறிப்புகளைத் திங்கட்கிழமை நான் கிள்ளானிலிருந்து வாங்கி வந்து ஒப்படைக்க வேண்டும். மகள் வீட்டிலிருந்து நிலையம் நடக்கிற தூரம். செவ்வாய், காலை ஏழு மணி. கார்டில் இருந்த நாளும் நேரமும் அப்படியே இருந்தன, இடம் மட்டும் மாறியது. நான் அவருடைய கார்டை வாங்கி, இடத்தைப் பேனாவால் அடித்து எழுதி, கீழே கையொப்பம் இட்டேன்.

மகள் அதைப் படித்துப் பார்த்துவிட்டு எங்கள் இருவருக்கும் தேநீர் ஊற்றினார். காசு வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் பத்துமலைக்குப் போகவில்லை. ஏழு மணிக்குச் செந்தூல் நிலையத்தின் வரவேற்பு மேசை அருகே உட்கார்ந்திருந்தேன். ஆறே முக்காலுக்கே அவர் வந்துவிட்டார், மகனும் மகளும் கூட. மஞ்சள் வேட்டி கட்டிய மகன் அவரை ஒப்படைத்துவிட்டு நேரே மலைக்குப் புறப்பட்டான். நான்கு மணி நேரம் கழித்து அவர் கையில் கட்டோடு வெளியே வந்தபோது நானும் எழுந்தேன். "இன்னுமா இங்க இருக்கீங்க?" என்றார். பிறகு, "போய் சாமி கும்பிடுங்க தம்பி. நான் வீட்டுல டிவியில பாத்துக்கறேன்" என்றார்.

*

புதன்கிழமை காலை முதலாளி எங்கள் மூவரையும் உட்காரவைத்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தோழியைப் பார்த்து, "பிள்ளை, உமக்கு என்ன வேணும், சொல்லும்" என்றார்.

தோழி தாளில் எழுதியே வைத்திருந்தார். இரண்டு பிரதிகள் கூடாது. ஒரே நிரல்தான் இருக்க வேண்டும், விடுமுறைப் பட்டியல்கள் மட்டும் நிலையத்துக்கு ஒன்றாக வெளியே, வேறு டைரக்டரியில் இருக்க வேண்டும். எந்த மாற்றமானாலும், அண்ணன் செய்தாலும், இரண்டு நிலையங்களின் பரீட்சையும் தேறிய பிறகுதான் டிஸ்கெட்டில் ஏற வேண்டும். கண்ணால் பார்த்தேன் என்று நோட்டில் யாரும் எழுதக்கூடாது.

"கடைசி வரி யாருக்கு?" என்று சுங்கை பூலோ நண்பர் கேட்டார்.

"யாருக்கு உறைக்குதோ அவுங்களுக்கு."

இரண்டு பிரதிகளை ஒன்றாக்க எனக்கும் நண்பருக்கும் ஏழு வாரம் ஆனது. அந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை திருத்தங்கள் ஒரு பக்கம் மட்டும் நடந்து மறுபக்கம் போகாமல் இருந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது. பதினேழு. நல்லவேளையாக, மற்றவை யாரையும் பூட்டிய கதவுக்கு முன்னால் நிறுத்தக்கூடியவை அல்ல. பின்னாளில் வேறு நகரங்களில், பெரிய குழுக்களில், நல்ல கருவிகளோடு வேலை பார்த்தேன். எந்தக் குழுவில் சேர்ந்தாலும் நான் முதலில் கேட்டது, பரீட்சை எங்கே, அதை எழுதியவர் யார் என்பதைத்தான்.

அந்த வாரம் இன்னும் முடியவில்லை. வியாழக்கிழமை காப்பார்க்காரர் கிள்ளானுக்கு வர வேண்டிய நாள். நான் பதினொரு மணியிலிருந்து தொலைபேசிப் பக்கமாகவே நடமாடிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டுக்குச் சிஸ்டர் அழைத்தார்.

"வந்துட்டாரு. எடை சரியா இருக்கு, வீக்கம் இல்லை. இப்பத்தான் மெஷின்லேருந்து எடுத்தோம். பசிக்குதாம்."

நன்றி சொல்லி வைத்தேன். தோழியின் மேசைக்குப் போய், வந்துவிட்டார், நன்றாக இருக்கிறார் என்று சொன்னேன். அவர் நிமிராமல் தலையை மட்டும் ஆட்டினார். ஆறு வாரம், தினமும் மாலை, வேண்டாம் என்று ஒருவன் சொன்ன பிறகும் அவர் எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன். கடைசியில் நேராகவே சொல்லிவிட்டேன்.

"சரிண்ணே" என்றார் அவர். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஃபேன் காத்தே வரமாட்டேங்குது."